மாஹேவுக்குப் போன மெழுகுவர்த்திகள்

ஆன்லைன் கடைக்கு வரி அமைப்பது என்றால் கணினியில் ஒரு சதவீதத்தைத் தட்டிவிட்டு எழுந்து போவது என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் இந்த வேலைக்கு வருகிறார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். சதவீதம் போடுவது பெரிய வேலையே இல்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: பொருள் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது? அதற்கு ஒருமுறை பதில் சொல்லிவிட்டால், பிறகு யார் கெஞ்சினாலும் யார் கோபித்துக்கொண்டாலும் அந்தப் பதிலிலேயே நிற்க வேண்டும். நான் அப்படி நிற்க வேண்டி வந்த ஒரு வாரத்தை, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் காலத்தில் சோதனைச் சாவடி இல்லை, வெளி மாநில விற்பனைக்கான சி படிவம் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே ஜி.எஸ்.டி. அதனால் இது பழங்கதை என்று தோன்றலாம். சட்டத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. நெருக்கடி வருகிற விதம் மாறவில்லை.

புதுச்சேரியில் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி வந்து ஓராண்டு ஆகியிருந்த சமயம். நான் ஒரு மெழுகுவர்த்திக் கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குச் சொந்தக்காரரை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். நம் ஊர்த் தமிழ்க் குடும்பம்தான், பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பல வருடம் வேலை செய்து, கணவர் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பியவர். அங்கே சேர்த்துக் கொண்டுவந்த பணத்தில் மூலக்குளத்தில் ஒரு கொட்டகை போட்டு, ஆறு பெண்களை வைத்து வாசனை மெழுகுவர்த்தி வார்த்தார். டவுனில் அவர் வீட்டு முன்னறைதான் கடை. சுற்றுலா வந்தவர்கள் வாங்கிப் போய், ஊருக்குப் போனதும் இன்னும் வேண்டும் என்று எழுதிக் கேட்பார்கள். அதனால்தான் இணையக் கடை திறக்கும் யோசனை வந்தது.

வலைத்தளம் செய்துகொடுத்தவர் சரவணன். சாரம் பகுதியில் இரண்டு அறை எடுத்துச் சொந்தமாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர். நான் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நாள் அது திரையில் வந்து நிற்கும்.

மதாமுக்கு வரி என்ற பேச்சே பிடிக்காது.

"ஃபிரான்ஸ்ல விலைன்னா விலைதான் அஞ்சலை. வரியெல்லாம் உள்ளயே இருக்கும். சீட்டுல போட்டிருக்கறத குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பாங்க. இங்க மட்டும் ஏன் கடைசில வால் மாதிரி ஒண்ண ஒட்டறீங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் திரையில் வரியும் சேர்ந்த ஒரே விலையைக் காட்டுவது, பில்லில் மட்டும் பிரித்து எழுதுவது என்று முடிவு செய்தோம். அது சுலபமாக முடிந்தது. சிக்கல் அடுத்ததில் வந்தது.

புதுச்சேரிக்குள் விற்றால் வாட். வெளி மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி. வாங்குபவர் எந்த மாநிலம் என்பதைக் கணினி எப்படித் தெரிந்துகொள்ளும்? சரவணன் பின்கோட்டின் முதல் மூன்று எண்களை வைத்துப் பிரித்திருந்தார். பார்க்க அழகாக வேலை செய்தது. நான் சோதித்துப் பார்க்க என் தங்கை வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

எங்கள் ஊர் வில்லியனூரைத் தாண்டி. ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. தங்கை அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பக்கத்துப் பின்கோடும் ஒரே மூன்று எண்ணில்தான் ஆரம்பிக்கும். கணினி அவளைப் புதுச்சேரிக்காரி ஆக்கிவிட்டது. அடுத்து மாஹே என்று போட்டேன். கேரளத்துக்கு நடுவில் இருந்தாலும் மாஹே நம் புதுச்சேரி யூனியனைச் சேர்ந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் தபால்காரர் கேரளத்துக்காரர், பின்கோடும் கேரளத்துடையது. கணினி அதை வெளி மாநிலம் என்றது.

"இன்னாக்கா இது, ரெண்டுலயும் தொகை ஒண்ணுதான வருது?" என்றார் சரவணன். "வீட்டுக்கு வாங்கறவங்களுக்கு வாட்டா இருந்தாலும் மத்திய வரியா இருந்தாலும் அதே காசுதான். எந்தப் பேர்ல போட்டா இன்னா?"

"வாங்கறவங்களுக்கு ஒண்ணுதான் தம்பி. அது போய்ச் சேர்ற கஜானா வேற. எழுதற கணக்கு வேற. நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா, பின்கோடு அப்டி சொல்லுச்சின்னா பதில் சொல்ல முடியும்?"

வாங்குபவரே பட்டியலில் இருந்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றேன். மாஹே, காரைக்கால், ஏனாம் மூன்றும் புதுச்சேரிக்குள் வரட்டும். சரவணனுக்கு அரைமனது. ஆனாலும் மாற்றிக் கொடுத்தார்.

ஆக, மாநிலத்தை அப்படிக் கேட்க வேண்டும் என்பது என் முடிவு. பின்னால் நடந்ததற்கெல்லாம் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள் என்றால், பார்க்கத்தான் வேண்டும்.

கோடை தொடங்கியதும் மாஹேயிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. தாமரை வடிவத்தில் கைக்கு அடக்கமான முந்நூறு மெழுகுவர்த்திகள். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு. அனுப்பச் சொன்னவள் கல்யாணப் பெண்ணேதான். பெயர் ஷைனி. நர்சிங் படிப்பைப் புதுச்சேரியில் படித்தவள். படிக்கும் காலத்தில் எங்கள் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாளாம், வாங்கக் கட்டுப்படியாகாதாம். இதைத் தொலைபேசியில் கேட்டதும் மதாம் தானே கொட்டகைக்குப் போய் நின்று வார்க்க வைத்தார். இணையக் கடைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அதுதான்.

சரக்கை லாரி பார்சலில் அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். போதிய நாள் கையில் இருந்தது.

புதன்கிழமை காலையில் கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது. சாவடியில் நின்று பேசியவர் பார்சல் கம்பெனியின் கோயம்புத்தூர் ஆள். கேரள எல்லைச் சாவடியில் எங்கள் பெட்டிகளை மட்டும் இறக்கி வைத்துவிட்டார்களாம். லாரி மற்ற சரக்குகளோடு போய்விட்டது.

"பில்லு சரியில்லீங்க," என்றார். "கேரளாவுக்குப் போற சரக்குக்கு பாண்டிச்சேரி வாட் போட்டிருக்கீங்களாமா. வேற ஒண்ணும் வேண்டாமுங்க. மத்திய வரி போட்டு, கேரளா அட்ரஸ்னு புதுசா ஒரு பில்லு அடிச்சு ஃபேக்ஸ் பண்ணீருங்க. பொழுதுக்குள்ள எடுத்துத் தாரேன். சீக்கிரம் பாருங்க, இது தகர ஷெட்டு. பொட்டி மேல கைய வெச்சாச் சுடுதுங்க. மெழுகுன்னு வேற எழுதியிருக்குது."

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் மதாமும் கேட்டார். அப்போது ஏதோ திருத்தம் செய்துகொண்டிருந்த சரவணனும் கேட்டார்.

"மொன் தியே!" என்று மதாம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கடவுளே என்று பிரெஞ்சில் சொல்வது அது. நிஜமாகவே பயந்துவிட்டால்தான் அவர் வாயில் வரும்.

சரவணன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "ஒரே ஒரு கிளிக்குதான் மதாம். ஆர்டர்ல மாநிலத்த கேரளான்னு மாத்திட்டா புது பில்லு வந்துடும். தொகைகூட மாறாது."

"செய்," என்றார் மதாம்.

"வேணாம் மதாம்," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்தக் கடையில் அவரை மறுத்துப் பேசியது அதுவே முதல் தடவை.

"ஒரே சரக்குக்கு ரெண்டு பில்லு ஆயிடும். முதல் பில்லு அங்க அவங்க கையில இருக்குது. ரெண்டாவதா நாம அனுப்பறது பொய்யி. மாஹே கேரளா இல்ல. கீழ இருக்கறது உங்க கையெழுத்து."

"என் கையெழுத்துதான? என் கடைதான? உருகறது என் மெழுகுதான?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. "பொய்யோ நெசமோ, அந்தப் பொண்ணுக்கு ஞாயித்துக்கெழம கல்யாணம். யாருக்கு இன்னா நஷ்டம் இதுல? கவர்மெண்டுக்கு அதே காசுதான் போவுது!"

யாருக்கும் நஷ்டமில்லாத பொய்யை மறுப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான காரியம். "மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க" என்று மட்டும் கேட்டேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் அதே எண்ணுக்குத் திரும்ப அடித்து, அதிகாரியிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். கோயம்புத்தூர் ஆளுக்குப் பிடிக்கவில்லை. "அவருகிட்டப் பேசினா இன்னும் சிக்கலாயிருமுங்க" என்றார். நான் விடவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் நிற்கிறவர் சொல்கிற பிரச்சினைக்குத் தீர்வு தேடிப் புறப்படாதீர்கள். பிரச்சினை யாருடையதோ அவர் வாயால் கேளுங்கள்.

அதிகாரி தமிழ் பேசினார். அவசரமில்லாத குரல்.

"மேடம், பில்லுல பாண்டிச்சேரி. பின்கோடு கேரளம். லாரி ரசீதுல சரக்கு சேரற இடம் தலச்சேரி. ஒரே சரக்கு, மூணு கத. ஞான் எதை நம்பறது? மாஹே பேரு சொல்லி இந்த வழியா வர்ற சரக்கு எவ்வளவு கேரளாவுக்குள்ளயே இறங்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தலச்சேரி மாஹேவுக்கு ஒட்டினாற்போல இருக்கிற ஊர். ஆனால் அது கேரளம். எங்கள் பில் சரிதான். ஒரு மாநிலத்தில் கிளம்பி அதே மாநிலத்தில் முடிகிற சரக்கு, நடுவில் வேறு மாநிலம் வழியாகப் போனாலும் உள்ளூர் விற்பனைதான் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் லாரி ரசீதின்படி எங்கள் சரக்கு மாஹேவுக்குப் போகவே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் இறக்கித்தான் வைத்திருப்பேன்.

"ரசீதத் திருத்தி அனுப்பறோம் சார்," என்றேன். "ஒரே ஒரு உதவி. பெட்டிய வெயில்லேருந்து தள்ளி வெக்க முடியுமா? மெழுகு."

"மெழுகுன்னு எழுதியிருக்கு, பார்த்தேன். வராந்தால வைக்கச் சொல்றேன்" என்றார்.

ஃபோனை வைத்ததும் சரவணனிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன். பார்சல் ஆபீஸ் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால். காலை நேரம், மீன் இறக்குகிற தள்ளுவண்டிகளுக்கும் பூக்கூடைகளுக்கும் நடுவில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போனோம். சரவணன் சந்து முனையில் கேட்டார்.

"பின்கோட்ட வச்சே விட்டிருந்தா இது வந்திருக்காதில்லக்கா?"

"வந்திருக்காது தம்பி," என்றேன். அது உண்மை. பொய்யான பில்லோடு சரக்கு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். உங்களுக்கும் இது நடக்கும். சரியாகச் செய்தவன் வண்டிதான் சில நேரம் நிற்கும்.

பார்சல் ஆபீஸ் மேனேஜர் தெரிந்தவர்தான். விஷயத்தைச் சொன்னதும் கையை விரித்தார்.

"மாஹேல எங்களுக்கு ஆபீசே இல்லம்மா. தலச்சேரிதான் கிட்ட. எல்லாருக்கும் அப்டித்தான் போடறது. பார்ட்டி வந்து எடுத்துக்குவாங்க."

"சேர்ற எடம்னுதான கட்டம் போட்டிருக்கீங்க? சரக்கு சேர்றது மாஹே. அத எழுதிக் குடுங்க சார்."

"எழுதிட்டா மாஹே வரைக்கும் நாந்தான கொண்டு போய்த் தரணும்?"

"ஆமா. தலச்சேரியிலேருந்து ஒரு வேன் புடிச்சு வீட்டு வாசல்ல எறக்கிடுங்க. வேன் வாடகைய எங்க கணக்குல எழுதிக்குங்க."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார். அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அடித்தது. ஷைனி. மதாம் அவளுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, எதுக்கு இத்தன கஷ்டப்படறீங்க? தலச்சேரி எங்க வீட்டுக்கு பக்கத்திலாணு. சேட்டன் ஜீப்புல போய் எடுத்துக்கும். நீங்க அங்க வரைக்கும் அனுப்பினாப் போதும்."

அவள் குரல் வெளியிலும் கேட்டது. மேனேஜர் முகம் மலர்ந்தது. சரவணன், "பாத்தியாக்கா, முடிஞ்சிச்சி" என்றார். எனக்கும் ஒரு கணம் அப்பாடா என்று இருந்தது. நல்ல பெண், நல்ல மனதோடு சொல்கிறாள். ஒப்புக்கொண்டால் மேனேஜரோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேன் வாடகை இல்லை.

ஆனால் அவள் அண்ணன் தலச்சேரியில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டால் எங்கள் சரக்கின் பயணம் கேரளத்தில் முடிந்துவிடும். அந்த அதிகாரி எதைச் சந்தேகப்பட்டாரோ அதை நாங்களே நடத்திக் காட்டியதாக ஆகும்.

"வேணாம்மா," என்றேன். "உங்க வீட்டு வாசல்ல எறக்கினாதான் எங்க பில்லு நெசம். அண்ணன அனுப்பாத. ஒரு நாள் முன்ன பின்ன ஆனாலும் வந்துடும்."

"வெயில்ல அது..." என்று இழுத்தாள். பிறகு, "சரியக்கா" என்றாள். அந்தச் 'சரி'யில் இருந்த சந்தேகம் எனக்குக் கேட்டது.

மேனேஜர் தலச்சேரிக் கிளைக்கு ஃபோன் போட்டார். வேனுக்கு உறுதி வாங்கினார். ரசீதில் தலச்சேரியை அடித்து, மேலே மாஹே வீட்டு முகவரியை எழுதி, கையெழுத்திட்டு முத்திரை குத்தி, சாவடிக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். நான் மறுபடி அதிகாரியை அழைத்தேன். பெண்ணின் எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். அவளோடு மலையாளத்தில் பேசியிருக்கிறார். எந்த மாநிலம் என்று கேட்டிருக்கிறார். "ரேஷன் கார்டு புதுச்சேரி, ஓட்டு புதுச்சேரி, இப்ப மெழுகுவத்திக்கு மட்டும் கேரளாவா சாரே?" என்று அவள் எரிச்சலோடு கேட்டாளாம். அவளே பிறகு சொன்னாள்.

திரும்ப அதிகாரி என்னை அழைத்தபோது வெயில் உச்சியில் இருந்தது. கேரளத்தைக் கடந்து போவதற்கு மட்டுமான வழிச்சீட்டு தருவதாகவும், அதை மாஹே எல்லையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அதோடு ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்க முதல் பில்லு என் மேசை மேலதான் இருக்கு. ரெண்டாவது பில்லு எப்ப வரும்னு பார்த்துட்டு இருந்தேன் மேடம். சாதாரணமா மத்தியானத்துக்குள்ள வந்துடும்."

காலையில் அந்த ஒரு கிளிக் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை: ஒரே சரக்குக்கு இரண்டு பில் சிக்கினால் மோசடி வழக்குதான்.

நெருக்கடி வரும்போது எல்லோரும் உங்களிடம் ஒரு காகிதத்தைத் திருத்தச் சொல்வார்கள். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் எது தவறோ அதைச் சொல்ல மாட்டார்கள். எதைத் திருத்துவது சுலபமோ அதைச் சொல்வார்கள். எங்களுக்கு பில் சுலபமாக இருந்தது, ஏனென்றால் அது எங்கள் கையில் இருந்தது. தவறு ரசீதில் இருந்தது. அது இன்னொருவர் கையில் இருந்தது, அவரோடு போராட வேண்டியிருந்தது. நான் கற்றதில் உங்களுக்குக் கொடுக்கத் தகுந்தது ஏதாவது உண்டென்றால் இதுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். முடியவில்லை.

அந்தப் பக்கம் போகிற அடுத்த லாரி வியாழக்கிழமை காலையில்தான் வந்தது. பெட்டிகள் வராந்தாவில் இருந்தும் பாதி நாள் வெயில் அடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை வேன் ஷைனி வீட்டு வாசலில் இறக்கியது. கொஞ்ச நேரத்தில் அவள் ஃபோன் வந்தது.

"அக்கா, தாமர எல்லாம் தல சாஞ்சு போச்சு."

எல்லாம் இல்லை. மேலடுக்கில் இருந்தவை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

மதாமிடம் சொன்னேன். அதிகாரி சொன்னதை முன்னமே அவரிடம் சொல்லியிருந்தேன். அது அவருக்கு ஆறுதல் தரவில்லை.

"அவன் ஆயிரம் சொல்லட்டும். நீ சொன்னது சட்டப்படி சரியா இருக்கட்டும். என் பூ போச்சே அஞ்சலை. அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு பாத்துட்டுப் போன பூவு."

சரியான முடிவெடுத்தால் இழப்பு வராது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கு இழப்பு வந்தது. அதைச் சட்டத்தைக் காட்டிச் சமாதானப்படுத்த முடியாது. ஈடுகட்டத்தான் வேண்டும்.

மதாம் ஆட்டோ பிடித்து மூலக்குளத்துக்குப் போனார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆறு பெண்களோடு ஏழாவது ஆளாக அச்சில் மெழுகு ஊற்றினார். நானும் போய்த் திரி கோத்தேன். சரவணன் கடையில் இருந்த தாமரைகளையெல்லாம் பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். ஊற்றியவை ஈரத்துணி மேல் ஆறி, சாயங்காலத்துக்குள் நூற்றுச் சொச்சம் சேர்ந்தது.

இனி பார்சலில் போட்டால் கல்யாணத்துக்குள் போகாது. நம் புதுச்சேரி அரசுப் பேருந்து ஒன்று சாயங்காலம் கிளம்பி மறுநாள் காலை மாஹே போகும். "நான் எடுத்துக்கினு போறேன் மதாம்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டிக்குள் காகிதச் சுருள் திணிப்பதைத் தொடர்ந்தார். கிளம்பும்போது ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு ரொட்டித் துண்டும் கையில் கொடுத்தார்.

இலவசமாகப் போகிற மாற்றுச் சரக்கு என்று, பழைய பில் எண்ணைக் குறித்து ஒரு டெலிவரி சலான் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். வழியில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுக்க என்னிடம் ஒரே கதைதான் இருந்தது.

ஒரு பெட்டி மடியில், மூன்று பெட்டி காலடியில். தமிழ்நாடு முழுக்கக் குறுக்கே ஓடி, கேரளத்துக்குள் ஏறி, ஊர்ப் பலகைகள் புரியாத எழுத்துக்கு மாறி, பொழுது விடிந்து, தென்னைகளும் ஓட்டு வீடுகளுமாக வந்துகொண்டே இருந்தன. இந்த ஊரையா உள்ளூர் என்று பில் போட்டோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஓர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து பேருந்து நின்றது. இறங்கினேன்.

சாலை நடுவில் ஒரு போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். தலையில் சிவப்புத் தொப்பி. நம் கடற்கரைச் சாலையில் நிற்கிறவர்கள் போடுகிற அதே உருண்டையான சிவப்புத் தொப்பி. நேற்று சாயங்காலத்திலிருந்து எத்தனையோ போலீஸைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தத் தொப்பியை எங்கும் பார்க்கவில்லை.

அவரிடம் ஷைனி வீட்டுக்கு வழி கேட்டேன். தமிழில் கேட்டதும் பெட்டியைப் பார்த்தார், அதில் இருந்த கடைப் பெயரைப் பார்த்தார்.

"பாண்டியிலேருந்தோ?" என்றார். "நம்ம ஊராணல்லோ!" சாலையைக் காட்டி, ஓர் ஆட்டோவையும் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

கல்யாண வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷைனி ஓடிவந்து பெட்டியை வாங்கினாள். சாய்ந்துபோன தாமரைகளை அவள் தூக்கிப் போட்டிருக்கவில்லை. அவள் அண்ணன் ஒரு அண்டா வெதுவெதுப்பான தண்ணீரில் அவற்றை ஒவ்வொன்றாக விட்டு நிமிர்த்திக்கொண்டிருந்தார். பாதி நிமிர்ந்திருந்தன. மறுநாள் கல்யாணத்துக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். இருக்க முடியவில்லை. குளித்துச் சாப்பிட்டுவிட்டு அன்று சாயங்காலப் பேருந்திலேயே திரும்பினேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது மதாம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பொண்ணு சந்தோஷமா இருந்துச்சா?"

"இருந்துச்சு மதாம்."

தலையை ஆட்டிக்கொண்டார். இந்தப் பில் விஷயத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் சொன்னது சரி என்றும் சொல்லவில்லை. அதை அவரிடமிருந்து எதிர்பார்த்து நான் அந்த முடிவை எடுக்கவில்லை. நீங்களும் எதிர்பார்க்காதீர்கள்.

சரவணன் அந்த வாரமே இரண்டு மாற்றம் செய்தார். மாஹே, காரைக்கால், ஏனாமுக்குப் போகிற பில்லில், சரக்கு புதுச்சேரி யூனியனுக்குள் கிளம்பி அதற்குள்ளேயே சேர்கிறது என்று ஒரு வரி தானாக அச்சாகும். சேருமிடம் பில்லில் இருப்பதைப் போலவே பார்சல் ரசீதிலும் இருக்கிறதா என்று அனுப்புகிறவர் பார்த்துக் குறித்தால்தான் ஆர்டர் அடுத்த கட்டத்துக்கு நகரும். நான் கேட்டுச் செய்ததில்லை. அவராகவே செய்தார்.

மாதக் கடைசியில் வரிக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். படிவத்தில் இரண்டு பகுதி. ஒன்று உள்ளூர் விற்பனை, இன்னொன்று வெளி மாநில விற்பனை. என் தங்கை ஒரு டஜன் மெழுகுவர்த்தி வாங்கியிருந்தாள். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அவள் வீட்டுத் தென்னை தெரியும். அவள் பில்லை வெளி மாநிலத்தில் எழுதினேன். ஒரு சாயங்காலமும் ஒரு விடியலும் பேருந்தில் உட்கார்ந்து நான் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஊரின் பில்லை எடுத்து, உள்ளூரில் எழுதினேன்.